ஒரு முட்டை குறைந்த கோயில்

செம்மணல் மேடான தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவில், வேறு ஏதோ நாட்டு விலாசத்துக்கு வந்த சாமானைத் தபால்காரர் அசதியில் இறக்கிவைத்துவிட்டுப் போனதுபோல, செந்தேரி ஊரில் ஒரு கோத்திக் பேராலயம் நிற்கிறது. வானத்தைக் குத்திப் பார்க்கும் இரட்டைக் கோபுரம், கூராக வளைந்து மேலே போய்ச் சேரும் வளைவுகள், பிற்பகல் வெயிலைச் சிவப்பும் நீலமுமாகத் தரையில் கொட்டும் கண்ணாடிச் சன்னல்கள், முகம் பார்த்து மீசை முறுக்கிக்கொள்ளும் அளவுக்குப் பளபளக்கும் தூண்கள் எல்லாம் இருந்தும், பெரிய கோயில் எதிலும் இருக்கிற ஒன்று மட்டும் அங்கே இல்லை. எதிரொலி இல்லை. கத்தினாலும் பாடினாலும் தும்மினாலும் சத்தம் மேலே போகும், அவ்வளவுதான், சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோன பாத்திரம்போலத் திரும்பி வராது. ஊர்க்காரர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை. எங்கள் மாதாவுக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் கோயிலின் பழங்கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வதற்கென்று பங்கு நிர்வாகம் வைத்திருந்த ஆள் சந்தியாகு. ஐம்பதைத் தாண்டியவர். சொத்து என்று ஒரு பழைய சைக்கிளும், தூணையும் வளைவையும் சுட்டிக்காட்ட ஒரு மூங்கில் கம்பும், கரகரத்தாலும் கேட்கிறவரைக் கட்டிப்போடும் ஒரு குரலும் வைத்திருந்தார். பேருந்தில் வந்து இறங்கும் கூட்டத்தை வாசலிலேயே மடக்கி, கடல் தாண்டி வந்த தியோடோர் சாமியார் மண்ணில் குச்சியால் கோயிலை வரைந்து காட்டிய கதையைச் சொல்லி, நடுக்கோயிலில் நிறுத்தி, ஓங்கிக் கைதட்டிக் காட்டுவார். எதிரொலி வராது. கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் முட்டைக் கதையை உள்ளே தள்ளிவிடுவார்.

முட்டைக் கதை இதுதான். கூரையெல்லாம் போட்டு முடித்தபிறகு, தூண்களுக்குக் கடைசிப் பூச்சு பூசச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்த கோழிகள் அத்தனையும் மாதாவுக்கென்றே முட்டையிட்டன, ஒரு வீட்டிலும் ஒருவரும் ஒரு முட்டை தின்னவில்லை. வந்த முட்டைகளைப் பானைகளில் அடுக்கிக் கோயிலுக்குள்ளேயே காவலிருந்தவர் தொம்மை, சந்தியாகுவின் பூட்டனுக்கு அப்பன். தொம்மையின் ஒரே மகன் சவரிமுத்து காய்ச்சலில் கிடந்தான், ஒரு முட்டை கொடுத்தால் தேறுவான் என்று வைத்தியர் சொன்னார், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கே வந்து காலைப் பிடித்து அழுதாள், தொம்மையோ இது மாதா முட்டை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை செத்துப்போனான். பிறகு பிறந்தவனுக்கும் சவரிமுத்து என்றே பேர் வைத்தார்கள், அவர்தான் சந்தியாகுவின் பூட்டன். அதே வாரத்தில் பானையில் ஒரு முட்டை குறைந்தது. எடுத்துத் தின்றவன் பூச்சுக் கொத்தன் சூசை என்று தெரிந்தது, வேலையைவிட்டே துரத்தினார்கள்.

பெற்ற பிள்ளைக்கும் ஒருவர் கொடுக்காத முட்டையை இன்னொருவன் பசிக்குத் தின்றான் என்று சந்தியாகு தழுதழுத்து முடிக்கும்போது, கூட்டத்தில் இரண்டு பேராவது மூக்கைச் சிந்துவார்கள். இதனால்தான் திருவிழாக் கொடியேற்றத்தில் கயிற்றை முதலில் தொடுகிற மரியாதை தொம்மை வீட்டுக்கு. இதனால்தான் செந்தேரியில் மாதாவுக்குரிய சனிக்கிழமை யாரும் முட்டை தொடமாட்டார்கள், பரோட்டாக் கடையில் அன்றைக்கு முட்டை போடாத கொத்துதான். வருஷத்தில் ஒரு நாள் அந்தக் கயிற்றைத் தொடுகிற நேரத்தில் சந்தியாகு ஊரிலேயே உயரமான ஆளாகத் தெரிவார், மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளின் நினைப்பில் சைக்கிள் மிதிப்பார்.

துரத்தப்பட்ட சூசை வேற்றூரில் கல்யாணம் முடித்து, வயதான காலத்தில் குடும்பத்தோடு செந்தேரிக்கே திரும்பினான், அவன் வழிவந்தவள் கித்தேரியம்மாள். கோயில் வாசலில் மெழுகுதிரிக் கடை வைத்திருந்தாள். அவள் வீட்டுக்குக் களவாணி வீடு என்று பேர், கொடியேற்றத்தில் அவர்களுக்கு இடம் கடைசி வரிசையில். உள்ளே சந்தியாகு சூசையின் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவள் வெளியே மெழுகு உருக்கும் தகர டப்பாவைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவாள். அதுவும் கதையோடு சேர்ந்த மேளம் என்று நினைத்துக்கொண்டு போன பயணிகள் உண்டு.

"ஏன் கித்தேரி, காது கிழியுதமாரி இந்தத் தட்டுத் தட்டுத?" என்று ஒருநாள் கேட்டார் சந்தியாகு.

"நீங்க தெனமும் எங்க பூட்டனக் களவாணிங்கீங்க, நான் ஏதும் சொல்லுதனா அண்ணாச்சி? உங்க வாயி, நீங்க பேசுதீங்க. என் டப்பா, நான் தட்டுதேன்."

இப்படி வாயும் டப்பாவுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஆடி மாசத்தில் ஒருநாள், காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு நடுவில் சந்தியாகு வழக்கம்போலக் கைதட்ட, மேலேயிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"யாருல அது, என் கஞ்சில உப்ப அள்ளிப் போட்டவன்?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே வளைவும் புறாவும் தவிர ஒன்றுமில்லை. இன்னொரு குரல் சிரித்துக்கொண்டே இறங்கியது. "அது உன் பொஞ்சாதி கை உப்புல, எங்கள ஏசாத." பின்னாலேயே கரண்டி சுரண்டுகிற சத்தமும், சுண்ணாம்பு குழைக்கிற பெண்களின் பாட்டும், யாரோ ஒரு வெள்ளைக்காரர் தமிழைக் கடித்துத் துப்புகிற சத்தமும் வந்தன. "என் கழுதைப் பிள்ளைகளே, சிரிக்கிறது நாளை, பூசுகிறது இன்றை!" படத்தில் மட்டும் பார்த்திருந்த தியோடோர் சாமியார்தான் அது என்று சந்தியாகுவுக்கு உடனே தெரிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

செந்தேரிக்காரர்கள் இதற்கு அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. "போன சத்தம் திரும்பி வருது. அந்த ஒசரத்துக்குப் போய்ட்டு வர நேரம் ஆகத்தான செய்யும்" என்றாள் கித்தேரியம்மாள், வெயிலில் வளைந்த மெழுகுதிரிகளை நிமிர்த்திக்கொண்டே. ஊரும் அதற்குமேல் கேட்கவில்லை. இது தெய்வ வாக்கா என்று ஆயர் தொலைபேசியில் விசாரித்தபோது, பங்குத்தந்தை ஞானாதிக்கம், "மனுசங்கதான் ஆண்டவரே, பெரும்பாலும் கெட்ட வார்த்தை" என்று பதில் சொன்னார். கட்டிய காலத்து ஆட்கள் மத்தியானம் கஞ்சிக்கு வெளியே போய்விடுவதால் அந்த நேரம் மட்டும் கோயில் அமைதியாக இருந்தது, ஆகவே பூசையை மத்தியானத்துக்கு மாற்றினார்.

ஊர் கோயிலுக்குள்ளேயே குடியேறியதுபோல் ஆகிவிட்டது. வேலைக்குப் போகாதவர்கள் காலையிலேயே தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள், வேலைக்குப் போனவர்கள் திரும்பும் வழியில் எட்டிப்பார்த்து இன்றைக்கு யார் யாரை ஏசினார்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பண்ணையார் வம்சம் என்று சொல்லித் திரிந்த வீட்டின் பூட்டி இடுப்பில் சுண்ணாம்புக் கூடையோடு பாடியது தெரியவந்து, அந்த வீட்டுக்காரர்கள் முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பாட்டு நன்றாக இருக்கிறது என்று ஊர் சொன்னபிறகு அது எங்கள் பூட்டி பாட்டு என்று அவர்களே முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி தின்ற கையோடு கோயிலுக்குள் வந்து, பெண் வீட்டுப் பூட்டன் குணம் எப்படி என்று ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள்.

நாம் பேசுவதும் இப்படித்தான் ஒருநாள் இறங்கி வரும் என்பது ஊருக்கு உறைத்தது அதற்குப் பிறகுதான். அன்றோடு கோயிலுக்குள் புறணி பேசுவது நின்றது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி வெளியே வேப்பமரத்தடிக்குப் போனது. நகைக்கடைக்காரர் ஒருவர் மட்டும் நடுக்கோயிலில் வந்து நின்று, வரப்போகிற நூற்றாண்டின் மக்களுக்குச் செய்கூலி சேதாரம் கிடையாது என்று மூன்று தடவை கத்திவிட்டுப் போனார்.

சந்தியாகுவுக்குத்தான் பிழைப்பில் மண். அவர் வாயைத் திறந்தால் கூட்டம் உஸ் என்றது, செத்தவர்களே பேசும்போது கம்பு வைத்திருக்கிற ஆளை யார் கேட்பார்கள்? ஆனாலும் அவருக்கு வருத்தமில்லை. ஒரு நாள் மேலேயிருந்து, "மாதாவுக்கு ஒண்ணு, மாதாவுக்கு ரெண்டு" என்று ஒரு குரல் முட்டை எண்ணிக்கொண்டு இறங்கியது. கரகரப்பான குரல், தன்னுடையதேதான். தொம்மை! சந்தியாகு தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று சாயங்காலமே புது வேட்டி எடுத்தார்.

தொம்மையோடு எப்போதும் இன்னொரு குரல் பேசிக்கொண்டிருந்தது. நிறைய பேசுகிற, கொஞ்சம் திக்குகிற குரல், அதுதான் சூசை. இருவரும் ஒருவர் வெற்றிலையை ஒருவர் திருடி, ஒருவர் பேச்சை ஒருவர் முடித்துவைத்து, தியோடோர் சாமியாரைப்போல் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். இவர்கள் சிநேகிதர்கள் என்று கதையில் வரவே இல்லையே என்று சந்தியாகுவுக்கு இருந்தது. வாசலில் டப்பாச் சத்தம் கேட்காமல் திரும்பிப் பார்த்தார். கித்தேரியம்மாள் கடையைப் போட்டபடி போட்டுவிட்டு உள்ளே வந்து கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆவணி பிறந்து கொடியேற்றம் நெருங்கியது. மேலேயும் காலம் நகர்ந்தது. "பய கண்ணே தொறக்க மாட்டேங்கான் சூசை" என்றது தொம்மையின் குரல் ஒருநாள். செய்தி ஊரெல்லாம் பரவிற்று. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பிற்பகலில், அந்தப் பெரிய மறுப்பைக் காதால் கேட்கக் கோயில் நிரம்பி வழிந்தது. பெண்கள் முந்தானையைத் தயாராகப் பிடித்திருந்தார்கள், பரோட்டாக் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார், சந்தியாகு புது வேட்டியில் முதல் பலகையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரு பெண்ணின் அழுகை இறங்கியது. "இவனப் பாருங்க, ஒடம்பு கொதிக்குது. ஒரே ஒண்ணு. மாதாவும் பிள்ள பெத்தவதான?"

மாதா முட்டை என்ற அந்த வார்த்தைக்காகச் செந்தேரி மொத்தமும் அண்ணாந்திருந்தது. சந்தியாகுவின் உதடு அந்த வார்த்தையை முன்கூட்டியே சொல்லிப் பார்த்தது.

டொக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"வாயத் தொற ராசா. மெல்ல. ஆங், மெல்ல முழுங்கு" என்றது தொம்மையின் குரல், ரகசியமாக. அந்த ரகசியத்தைத்தான் அந்த உயரமான கூரை அத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, காய்ச்சலில் உலர்ந்த ஒரு பிஞ்சுக் குரல் தெளிவாகச் சொன்னது:

"இன்னொண்ணு."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை, முந்தானையைப் பிடித்திருந்தவர்கள் அதையே வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சந்தியாகு மட்டும் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பின்வாசல் வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

பூட்டன் சவரிமுத்துவின் கல்லறை அங்கே இருந்தது, எண்பதைத் தாண்டி வாழ்ந்த மனுசன். செத்துப்போன சின்னச் சவரிமுத்துவின் கல்லறையை அவர் ஒருநாளும் தேடியதில்லை. இப்போது தேடினார். இல்லை. கித்தேரியம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அப்பம் செத்தது யாரு?"

"யாரும் சாகல கித்தேரி. ஒரே சவரிமுத்துதான். கதைக்கு ஒரு சாவு வேண்டியிருந்திருக்கு, நாங்களே கொன்னுட்டம்."

ஊருக்கு நல்ல மனசு, அதைவிட வழக்கத்தின்மேல் ஆசை. சாயங்காலத்துக்குள் ஆளாளுக்குச் சமாதானத்தோடு சந்தியாகு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அது தொம்மையின் சொந்தக் கோழி முட்டையாக இருக்கும் என்றார் ஒருவர். முட்டை என்று யாரும் சொல்லவில்லையே, நுங்காகக்கூட இருக்கலாம் என்றார் இன்னொருவர். நுங்கு டொக் என்று உடையுமா என்று அவர் மனைவியே கேட்டாள். பங்குத்தந்தை வந்து, "வழக்கத்த மாத்த வேண்டாம், நாளைக்கு நீங்களே கயிறத் தொடுங்க" என்று முடித்துவைத்தார். சந்தியாகு தலையாட்டினார். அந்தக் கயிற்றையும் விட்டுவிட்டால் அப்புறம் அவர் யார்?

மறுநாள் காலையில் கொடி மந்திரிக்கப்பட்டு, மடித்துத் தட்டில் வைக்கப்பட்டு, சந்தியாகு புது வேட்டியோடு கோயில் நடுவில் நின்றபோது, மேலேயிருந்து தியோடோர் சாமியாரின் குரல் விழுந்தது.

"முட்டை ஒன்று குறைவு. நான் போலீஸ் இல்லை. ஆனால் மாதா கேட்கிறாள். யார் எடுத்தது?"

கையில் மணி வைத்திருந்தவர் ஆட்டாமல் நின்றார். கொடித்தட்டு அப்படியே நின்றது. மேலே கரண்டிகள் ஓய்ந்து, பாட்டு ஓய்ந்து, அந்தக் காலத்து ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது கேட்டது. சந்தியாகு மனசுக்குள் கெஞ்சினார். சொல்லிரும் தொம்மைப் பாட்டா, நாந்தான்னு சொல்லிரும், ஒரு வார்த்தைதான.

தொம்மை இருமினார். அவ்வளவுதான்.

"நா... நாந்தான் சாமி" என்றது திக்குகிற குரல். "பசிச்சுது. தின்னுட்டேன்."

"சூசை?"

"ஆமா சாமி. எனக்குப் பொஞ்சாதியா புள்ளையா, வேல போனா வேற ஊரு. நான் வாரேன்." கரண்டியைக் கீழே போடுகிற சத்தம் வந்தது. நடந்து போகிற கால் சத்தம் வந்தது, நெடுநேரம் வந்தது, அந்தக் கோயில் அவ்வளவு நீளம். தொம்மை அப்போதும் பேசவில்லை.

கடைசி வரிசையில் கித்தேரியம்மாள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சந்தியாகுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டப்பாவைத் தட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். கூட்டம் அவருக்கு வழிவிட்டது, பங்குத்தந்தை கண்ணால் சாடை காட்டினார், வெளியே கொடிமரத்தில் கயிறு காற்றில் ஆடியது. சந்தியாகு வாசலுக்குப் போகவில்லை. எத்தனையோ ஆயிரம் தடவை கைதட்டிக் காட்டிய அந்த இடத்துக்கே போய் நின்று, அண்ணாந்து, தொம்மையின் குரலை அப்படியே உரித்து வைத்த தன் கரகரத்த குரலில் கத்தினார்.

"சாமி! சூசை எடுக்கல சாமி. நாங்கதான் எடுத்தோம். தொம்மை வீட்டுக்காரங்க. புள்ள பொழச்சிட்டான். நான் அந்தப் புள்ளையோட கொள்ளுப்பேரன் பேசுதேன். சொல்ல நேரமாயிப் போச்சு, மன்னிச்சிருங்க!"

சத்தம் மேலே போயிற்று. உடனே எதுவும் திரும்பி வரவில்லை, எப்படி வரும்? போய்ச் சேரவே நாளாகும்.

அன்றைக்குக் கயிற்றை முதலில் தொட்டவள் கித்தேரியம்மாள். தொட்டவள் இழுக்காமல் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, சும்மா நிக்கீங்க, வந்து பிடிங்க, கனக்குதுல்லா" என்றாள். இருவரும் இழுத்தார்கள். கொடி ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "முட்டைய எடுத்ததுக்கு உங்க ஆள ஏசமாட்டேன். பேசாம நின்னாரு பாருங்க, அதுக்கு ஏசத்தான் செய்வேன்."

"ஏசு" என்றார் சந்தியாகு. "நானும் ஏசுதேன்."

இப்போது செந்தேரிக்குப் போகிறவர்களுக்குச் சந்தியாகு புதுக்கதைதான் சொல்கிறார். மேலேயிருப்பவர்கள் கஞ்சிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பூசை முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுவார். சூசையின் பேர் வரும் இடத்தில் டப்பா தட்டப்படுவதில்லை, சந்தியாகு சரக்கைக் கூட்டிச் சொல்லும் இடங்களில் மட்டும் தட்டப்படுகிறது, அதனால் முன்னைவிட அதிகமாகவே கேட்கிறது. சனிக்கிழமை முட்டை விரதத்தை விடுவதா வைத்துக்கொள்வதா என்று ஊர் கூடிப் பேசி, செந்தேரி வழக்கப்படி இரண்டையும் செய்தது. பெரியவர்கள் தொடமாட்டார்கள், காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் அன்றைக்கு முட்டை உண்டு. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊர்ப் பிள்ளைகள் பாதிக்கு உடம்பு சுடுகிறது.

கொடியிறக்கத்தன்று பூசை முடிந்து ஆளரவம் அடங்கிய மத்தியானத்தில் கித்தேரியம்மாள் ஒரு அவித்த முட்டையைக் கொண்டுவந்து சந்தியாகுவின் கையில் வைத்தாள். அவர் அதை, முட்டை குடித்துப் பளபளத்த தூணில் டொக் என்று தட்டி உடைத்து, தோலுரித்து, பாதியை அவளுக்குக் கொடுத்து, பாதியை மெல்லத் தின்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அண்ணாந்து, கூரையை நோக்கி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இன்னொண்ணு."

"எதுக்கு அண்ணாச்சி இது?" என்றாள் கித்தேரியம்மாள்.

"இருக்கட்டும். அது எறங்கி வாற அன்னைக்கு, கீழ யாராவது முட்டையோட நிப்பாங்க."